என்னை யாரும் விரட்டவில்லை

அமுதா,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து அலமாரியில் அடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கூப்பிட்டால் வந்து நிற்பாய். ஆனால் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் நான் வேறு எதையோ பேசி முடிப்பேன் என்பது உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் தமிழாசிரியர் நடத்துகிற மாத இதழில் இதைப் போடக் கொடுக்கப்போகிறேன். நம் வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று கேட்பாய். பதினான்கு வருடமாக ஒரு பொய்யை ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். டீக்கடையில் சொன்னேன், ஆசிரியர் அறையில் சொன்னேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன். அதைத் திருத்துவதென்றால் அதே ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. உன்னிடம் தனியாகச் சொன்னால் மறுநாளே 'நான் எப்போது அப்படிச் சொன்னேன்' என்று கேட்பேன். அச்சில் வந்துவிட்டால் அது முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ அந்த முடிவைச் சொன்னாய். ஐந்து வருடம் உழைத்து முனைவர் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, நேர்காணலில் ஒன்றரை மணி நேரம் நின்று, உன் பெயருக்கு எதிரே ஆராய்ச்சி வானிலையாளர் என்று அச்சடித்த உத்தரவு தபாலில் வந்திருக்கிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். நீ போகப்போவதில்லை என்றாய். "அப்பா சொன்னதுதாம்மா சரி. அங்க போயி எவனோ ஒருத்தனுக்குக் கீழ நாயா ஒழைச்சி, கடைசில அவன் பேருல எல்லாம் வரும். இங்க இன்ஜினீரிங் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கக் கூப்புடுறாங்க. வூட்டுலேர்ந்து பஸ்ஸுல போயிட்டு வந்துடலாம்." உன் அம்மா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "நீங்க எதாவது சொல்லுங்க" என்றாள். நான் ரசம் கேட்டேன்.

அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. சந்தோஷம்தான் இருந்தது. நீ வீட்டிலேயே இருப்பாய் என்ற சந்தோஷம் கொஞ்சம். மீதியெல்லாம், பூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு ஆளையும் உள்ளே தள்ளிவிட்டால் வருமே, அந்த மாதிரி சந்தோஷம். இரண்டு நாள் அதைச் சுகமாக வைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் நடந்த ஒரு பேச்சு அதைக் கெடுத்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் பழைய கதையைச் சொல்ல வேண்டும், இந்த முறை உள்ளபடியே.

நீ கேட்டு வளர்ந்த கதை இது: அப்பா வடக்கே ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்தார், மேலதிகாரி அவருடைய வேலையைத் திருடிக்கொண்டு அவரை விரட்டிவிட்டான், அதனால்தான் விருத்தாசலத்தில் தனியார் பள்ளியில் பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறார். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை நம்ப வைத்தேன்.

அங்கே இருந்த ஒன்பது வருடங்கள்தான் என் வாழ்க்கையில் நான் காலையில் விருப்பத்தோடு எழுந்த வருடங்கள். நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் என்று எண்களைக் கொடுத்தால், கணினி இரவெல்லாம் கணக்குப் போட்டு நாளைய எண்களைக் கொடுக்கும். காலையில் முதல் ஆளாகப் போய் அச்சுப்பொறியிலிருந்து அந்தத் தாளை உருவிப் பார்ப்பேன். அன்றைய கணினிக்கு ஒரு கட்டம் என்பது நூற்றைம்பது கிலோமீட்டர். விருத்தாசலம், வேப்பூர், கடலூர்க் கடற்கரை எல்லாம் ஒரே கட்டத்துக்குள். அந்தக் கட்டம் முழுவதற்கும் ஒரே மழைதான். எங்கள் கணினிக்கு விருத்தாசலம் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. இதை நான் எல்லாரையும்விட நன்றாக அறிவேன், ஏனென்றால் அந்தக் கட்டங்களுக்குள் ஈரக்காற்று எப்படி மேகமாகிறது என்ற கணக்கை இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதியவன் நான்.

எனக்கும் துறைத் தலைவருக்கும் சண்டை வந்தது ஒரு சொல்லால். ரேடியோவில் நீயும் கேட்டிருப்பாய், 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று. அது தப்பித்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் சொல், எங்கே பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அது சரியாகிவிடும், நாம் செய்யும் கணிப்பிலாவது மழை உண்டு, இல்லை என்று திட்டமாகச் சொல்ல வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். எந்த இடம் என்று தெரியாதபோது ஓரிரு இடம் என்று சொல்வதுதான் நேர்மை, நீ கேட்பது தைரியம் இல்லை, திமிர் என்றார். அடுத்த சில மாதங்களில் என் ஈரக்காற்றுக் கணக்கு ஆய்விதழில் வந்தது. மேலே அவர் பெயரும் இன்னும் இரண்டு பேர் பெயரும் இருந்தன. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், கணினி அறை ஊழியர்களின் பெயர்களுக்குப் பிறகு இருந்தது. அது நடந்தது உண்மை. அதை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் மன்னித்துவிடுவேன் என்று நீ எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் அவர் என்னை விரட்டவில்லை. நான் தீபாவளிக்கு லீவு போட்டு, நீயும் அம்மாவும் இருந்த இந்த ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீபாவளிக்கு உனக்குப் பதின்மூன்று வயது. உன் அஞ்சலை அத்தை வீட்டுக்காரர், கலியபெருமாள் மாமா, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையை எடுத்து அப்போதுதான் தனியாகத் தொழில் ஆரம்பித்திருந்தார். கார்த்திகைக்கு அகல் விளக்கு அனுப்ப வேண்டும். அச்சில் எடுத்த விளக்குகளை வெயிலில் நன்றாகக் காயவைத்தால்தான் சூளையில் ஏற்ற முடியும். ஐப்பசி மழையில் அவர் வெயிலுக்கு அலைந்துகொண்டிருந்தார். "மச்சான், நீங்கதான் மழையப் படிச்சவரு. ஒரு மூணு நாளு வெயிலு அடிக்குமா, சொல்லுங்க" என்று வந்து நின்றார். காலையில்தான் ரேடியோவில் ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லியிருந்தார்கள். நான் சிரித்தேன். மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நிலையத்தில் இருந்த நண்பனைக் கூப்பிட்டு, நம் கட்டத்துக்கு என்ன எண் வந்திருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படியான எண்தான். கொட்டகை வாசலில் நாலு பேர் நின்று கேட்கும்போது சொன்னேன்: "ஓரிரு எடமும் இல்ல, ஒரு எடமும் இல்ல மாப்ள. மூணு நாளைக்குச் சொட்டுத் தண்ணி விழாது." நான் அப்போது மாமாவிடம் பேசவில்லை. சிவப்பு மைக் கோடு போட்டவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு வந்தது. முக்கால் மணி நேரம். நான் ஓடிப்போய்ச் சேரும்போது களம் முழுக்க வரிசை வரிசையாக வைத்திருந்த விளக்குகள் ஓரம் கரைந்து, வாய் சரிந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிச் சேறாகிக்கொண்டிருந்தன. உன் அத்தை ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு, எதை மூடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். மழை விட்டதும் நான் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். கோயில் தெருவில் புழுதி பறந்தது. வேப்பூரிலிருந்து வந்த பஸ்ஸின் கூரை காய்ந்து கிடந்தது. நூற்றைம்பது கிலோமீட்டர்க் கட்டத்துக்குள் மழை பெய்தது ஓரிரு இடங்களில்தான். அதில் ஓர் இடம் எங்கள் களம்.

லீவு முடிந்தும் நான் கிளம்பவில்லை. தங்கச்சி குடும்பத்துக்கு நான் செய்த கேட்டுக்கு இங்கேயே இருந்து கூடமாட உதவ வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊருக்கு, மேலதிகாரி விரட்டிவிட்டான் என்று சொன்னேன். அந்த மேலதிகாரி எனக்கு இரண்டு கடிதம் எழுதினார், உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, கோபம் தீர்ந்ததும் வா என்று. இரண்டையும் கிழித்துப் போட்டேன். உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்காகவும் அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன், மாட்டியிருந்தால் போயிருப்பேன் என்று.

மழை விஷயம் ஊரில் பரவியது. பள்ளியில் பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'ஓரிரு சார்'. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின் பெஞ்சிலிருந்து எவனாவது 'சார், கொட எடுத்துட்டு வரலாங்களா?' என்பான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது கலியபெருமாள் மாமாவைத்தான். தினமும் காலையில் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் நம் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். பிறகு அது மொபெட் ஆனது. "மச்சான், இன்னிக்கி மழ வருமா?" என்பார். கோடையில்கூடக் கேட்பார். நான் "தெரியாது" என்பேன். "சரி, போயிட்டு வரேன்" என்று போய்விடுவார். பதினான்கு வருடம் அந்தக் கேள்வி ஓர் ஊசி என்று நினைத்தேன். நானும் பதிலுக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் குத்தினேன்.

அந்தக் கோபத்தின் ஒரு பங்கு உன்மேல் விழுந்தது. நீ எட்டாவது படிக்கும்போது ஒரு பாட்டிலை வெட்டி மொட்டை மாடியில் வைத்து, ஸ்கேலால் மழையை அளந்து நோட்டில் எழுதினாய். நான் அதைப் பார்த்துவிட்டு, "ஒன் மாடியில மூணு மில்லிமீட்டரு. எதிர்வூட்டு மாடியில எவ்ளோ?" என்று கிண்டலாகக் கேட்டேன். நீ கிண்டல் என்று புரிந்துகொள்ளவில்லை. எதிர்வீட்டிலும் பின்தெருவிலும் போய்ப் பாட்டில் வைத்துவிட்டு வந்தாய். அடுத்த மழைக்கு மூன்று எண்ணையும் கொண்டுவந்து காட்டினாய், மூன்றும் வேறு வேறாக இருந்தன. உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. காலையில் தாளை உருவும்போது என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பாட்டிலைக் காலால் எத்திவிட்டு, போய்ப் படிக்கிற வேலையைப் பார் என்றேன். பிறகு நீ சென்னைக்குப் படிக்கப் போய், ஆராய்ச்சிக்கும் அதே மழையையே எடுத்துக்கொண்டு, ஒருநாள் செல்போனில் கூப்பிட்டு, "அப்பா, இப்ப எங்க மாடல்ல விருத்தாசலம் தனிக் கட்டம்பா, வேப்பூரு தனிக் கட்டம்!" என்று கத்தினாய். "கட்டம் சின்னதானா தப்பும் சின்னதாயிடுமா?" என்றேன். நீ உடனே, அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். அதற்கு ஒரு வாரம் முன்புதான் யாருக்கும் தெரியாமல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உன் கட்டுரையை முழுவதும் படித்திருந்தேன். நன்றாக இருந்தது. உன் பெயர் முதலில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது. மாமா வழக்கம்போல மொபெட்டை நிறுத்தி, "மச்சான், இன்னிக்கி மழ வருமா?" என்றார். நீ எடுத்த முடிவு எல்லார் வீட்டுக்கும் தெரிந்திருந்தது. அதையும் சேர்த்துக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எழுந்து போய் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தேன். "எத்தினி வருஷம் இப்பிடிக் குத்திக் காட்டுவ நீ? ஒரு நாளு தப்பாச் சொன்னதுக்கு ஆயுசு முழுக்கக் கேப்பியா?" என்றேன். உறவான நாளிலிருந்து அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று நீ என்று வந்துவிட்டது. அவர் வண்டியை அணைத்தார். பயந்த மாதிரி இருந்தது.

"இன்னா மச்சான் சொல்றீங்க? எந்தத் தப்பு?"

"அகல் வெளக்கு கரைஞ்சுதே, அது."

"அதுவா? அட, அதுக்கும் உங்களுக்கும் இன்னா சம்பந்தம்? கொட்டகைல அன்னிக்கி எடம் ஏது? ஒரே ஒரு தாவாரந்தான் அப்ப. நீங்க மழ வரும்னு சொல்லியிருந்தாலும் வெளியிலதான் வெச்சிருப்பேன். வேற எங்க வெக்கிறது, தலமேலயா?"

"அப்ப தெனம் எதுக்குய்யா கேக்குற?"

"வேற யாரக் கேக்குறது? டீவிக்காரனக் கேட்டா பதில் சொல்லுவானா?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சப்பட்டுச் சொன்னார்: "நீங்க தெரியாதுன்னுதான் சொல்லுவீங்க. ஆனா ஒரு தபா அண்ணாந்து பாத்துட்டுதான் சொல்லுவீங்க. பாக்குறப்ப கண்ணு சுருங்கும். சுருங்குச்சின்னா தார்ப்பாய எடுத்து வெச்சிடுவேன். சுருங்கலன்னா காயப்போடுவேன். மொத்தத்துல சரியாத்தான் இருந்துருக்குது மச்சான்." வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். உன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலதிகாரி விரட்டினான் என்பது ஊருக்கு நான் சொன்ன பொய். தங்கச்சி குடும்பத்துக்காக இருந்துவிட்டேன் என்பது எனக்கு நானே சொன்ன பொய். இரண்டாவது பொய்யாவது மரியாதையான பொய் என்று இருந்தேன். அதையும் ஒரு மொபெட்காரர் ஐந்து நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அப்படியானால் நான் ஏன் திரும்பிப் போகவில்லை? பயம். வேறு ஒன்றும் இல்லை. நாலு பேர் முன்னால் திட்டமாகச் சொல்லி, நாலு பேர் முன்னால் பொய்த்துப்போனேன். மறுபடியும் அந்தக் காலைத் தாளை உருவ எனக்குத் தைரியம் இல்லை. என்னைப் பூட்டியது யாரும் இல்லை. கதவு பதினான்கு வருடமும் திறந்துதான் கிடந்தது. நான்தான் அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. அந்தக் கணக்கு எங்கேயோ முன்னேறிப் போய்விட்டது, படித்தால் புரியும், இனி என்னால் போட முடியாது. கதவு திறந்திருப்பது தெரிந்த பிறகும் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால் இங்கேதான் இருப்பேன். ஆனால் நீ இருப்பதற்கு என்னைக் காரணமாகச் சொல்கிறாய். அந்தக் காரணம் பொய்யானது. அதை எடுத்துவிட்டு, மீண்டும் யோசி.

நீ போகிற இடத்தில் நல்லவர்கள்தான் இருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உன் பெயரைக் கீழே தள்ளப் பார்ப்பார்கள். தள்ளினால் அன்றைக்கே அவர்கள் அறைக்குப் போய்ச் சண்டை போடு. நான் சண்டை போடவில்லை; மனதில் வைத்துக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது, அதனால்தான் இவ்வளவு நாள் ஓடியது. உன் கணிப்பு பொய்க்கும். சின்னதாக இல்லை, ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு குடும்பம் நடுக்களத்தில் நிற்கும்படி பொய்க்கும். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் தவறினோம் என்று பார். உன் துறையில் கெட்டிக்காரர்கள் நிறைய பேர் உண்டு. என்னைவிடக் கெட்டிக்காரர் அன்று அங்கே குறைவு. ஆனால் மறுநாள் வந்து உட்கார்ந்தவர்கள்தான் வானிலையாளர்கள் ஆனார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. சிவப்பு மைக்காரர் அந்த ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னார். இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது என்பதை நீ புரிந்துகொள்வாய்.

இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். உன் ஐந்து வருட உழைப்பை அப்பாவின் பயத்துக்குக் காவு கொடுக்க இருந்தாயே என்று அம்மா உன்னிடம் நாலு வார்த்தை சொல்லுவாள், அதையும் கேட்டுக்கொள். காலேஜ்காரர்களுக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு. நான் சொன்னால் உனக்காக நான் முடிவெடுத்ததாக ஆகும், அது போதுமான அளவு நடந்துவிட்டது. நீ போவதாக இருந்தால் எனக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். உத்தரவில் உள்ள நாள் நெருங்க நெருங்க நான் மாறுவேன். உன் உடம்புக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளாது என்பேன், எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்றுகூடச் சொல்வேன், நிஜமாகவே வலிக்கும். எதையும் காதில் வாங்காதே. ஜங்ஷனுக்கு நான் வரமாட்டேன். பிளாட்பாரத்தில் நின்றால் கடைசி நிமிடத்தில் ஏதாவது பேசிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அம்மாவும் கலியபெருமாள் மாமாவும் வந்து ஏற்றிவிடுவார்கள். வண்டி நகர்ந்த பிறகு எனக்குப் போன் பண்ணு. அதற்கு முன்னால் வேண்டாம்.

உன் அப்பா